பெர்த்திங்கின் பானை

எங்கள் ஊரில் கல்யாணத் தேதியைப் பாதிரியாரிடம் கேட்பதற்கு முன் கடலிடம் கேட்டாக வேண்டும். கடல் ஏற்றம் நாலடியைத் தாண்டுகிற நாளில் மாதா கோயில் வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்; மணப்பெண் வெள்ளைக் கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இறங்குவாள். அதனால் எல்லார் வீட்டுச் சமையலறையிலும் ஏற்றக் காலண்டர் ஒன்று தொங்கும். பள்ளிக்கூடம் திறப்பது, பிணம் எடுப்பது, மீன்குட்டை மதகை மூடுவது எல்லாம் அதைப் பார்த்துத்தான். ஆனால் காலண்டர் அச்சடிக்கிறவனுக்கு ஆற்றில் எவ்வளவு வெள்ளம் இறங்கி வருகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எப்படித் தெரியும்? அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, தினம் இரண்டு தடவை ஊராரின் கைபேசிக்குச் செய்தி அனுப்புவது எங்கள் நகராட்சியின் பேரிடர் அலுவலகம். செய்தியின் அடியில் 'இன்ஜினியர் சுங்கா' என்று எங்கள் அலுவலகத் தலைவரின் பெயர் இருக்கும். அந்தக் கணக்கைப் போட்டது பெர்த்திங் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

பெர்த்திங் மீன்குட்டைக் காவல்காரர் ஒருவரின் மகன். நாற்பத்தாறு வயது. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை 'கூயா' என்பேன். அண்ணனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் சொல். ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை. ஜூனில் முடியும், டிசம்பரில் முடியும், ஒவ்வொரு தடவையும் புதுப்பிப்பார்கள். இப்படியே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. கல்லூரியை முடிக்காதவர். கணினி வேலையை இணையக் கடையில் உட்கார்ந்து தானாகவே கற்றுக்கொண்டவர். பேச்சு குறைவு, ஆனால் பேசினால் குத்தல் இருக்கும்.

நான் அம்பாரோ. ஆம்பி என்பார்கள். நான் வேலையில் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது, நிரந்தர வேலை. அலுவலக சர்வரின் சாவி என் கையில். கணவர் கப்பலில் இருக்கிறார், பிள்ளைகள் இரண்டு. கோபம் சட்டென்று வரும், யோசனை அதற்குப் பின்னால் மெதுவாக நடந்து வரும். இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

பானை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் புரோகிராம்கள் எழுதியிருக்கும் மொழி எளிது. இயந்திரம் அதை வரி வரியாகப் படித்து, படிக்கப் படிக்கச் செய்யும். ஆனால் ஏற்றக் கணக்கு முழுவதையும் அந்த மொழியில் போட்டால், கடல் வந்து வீட்டைக் கழுவிவிட்டுத் திரும்பிப் போன பிறகுதான் விடை வரும். அதனால் கனமான கணக்கை மட்டும் பெர்த்திங் வேறொரு கடினமான மொழியில் எழுதி நடுவில் பொருத்தியிருந்தார். அந்தப் பகுதியை இயந்திரம் பச்சையாகத் தின்னாது. முதல் தடவை அதைச் சமைத்து, அதாவது கம்பைல் செய்து, ஒரு ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவையிலிருந்து அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துப் பரிமாறினால் போதும். எந்த ஃபோல்டர் என்று புரோகிராமின் தலையில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், எங்கே நின்று ஓடுகிறதோ அங்கேயே அடுப்பை மூட்டிவிடும்.

ஆரம்பத்தில் பெர்த்திங் அந்த வரியை எழுதவில்லை. ஆள் ஓட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. மணி வைத்துத் தானாக ஓடும்படி செய்தபோதுதான், அது எழுத அனுமதி இல்லாத ஓர் இடத்தில் நின்று ஓடி, அடுப்பு மூட்ட முடியாமல் சோதனையிலேயே படுத்துக்கொண்டது. பொது இடத்தில் ஒரு ஃபோல்டர் வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். ஒப்பந்த ஆட்களுக்குப் பொது இடத்தில் எழுத அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அப்போது நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் நானும் அதே பதிலைத்தான் எழுதியிருப்பேன். அவர் சண்டை போடவில்லை. தன் சொந்த ஃபோல்டருக்குள் ஒன்றைத் திறந்து, எல்லோரும் புழங்கும்படி அனுமதியும் கொடுத்து, 'கால்தேரோ' என்று பெயர் வைத்தார். சோற்றுப் பானை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் யார் புதுப் புரோகிராம் எழுதினாலும், பெர்த்திங்கின் பழைய புரோகிராமிலிருந்து முதல் மூன்று வரிகளை அப்படியே நகலெடுத்துத் தலையில் ஒட்டிக்கொண்டார்கள். சாப்பிட உட்காரும்போது சிலுவைக் குறி போட்டுக்கொள்வதுபோல அது கைப்பழக்கமாகிவிட்டது. ஆற்று மட்டம், மழை, படகுத் துறை, மீன்குட்டை எச்சரிக்கை என்று ஒன்று பதினாலாகப் பெருகியது. அந்த மூன்று வரியில் என்ன இருக்கிறது என்று யாரும் படித்துப் பார்க்கவில்லை. நானும்தான் ஒட்டினேன், நானும் படிக்கவில்லை.

மே மாதம் தேர்தல். மேயர் மாறினார். மேயர் மாறினால் ஒப்பந்த ஆட்கள் வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்தில் மழைக்காலம் மாதிரி, வந்தே தீரும். நாற்பத்துமூன்று பேர் பட்டியலில் பெர்த்திங்கின் பெயரும் இருந்தது. ஜூன் முப்பதோடு சரி. இன்ஜினியர் சுங்காவிடம் போய், இவருக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். மேலிடத்து முடிவு என்றார், தனக்கும் வருத்தம்தான் என்றார், அடுத்த பைலைத் திறந்துகொண்டார்.

எனக்கு வந்த உத்தரவு வேறு. போகிறவர்களின் பயனர் கணக்குகளை அவர்களுடைய ஃபோல்டர்களோடு சேர்த்து ஜூலை ஒன்றாம் தேதி சர்வரிலிருந்து அழித்துவிட வேண்டும். அழிப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பதினாலு புரோகிராமும் அந்த ஒரு மனுஷனின் பானையிலிருந்துதான் தின்றுகொண்டிருந்தன. அவர் கணக்கை அழித்தால் அத்தனையும் அன்றைக்கே நிற்கும்.

எனக்கு ஒரே சந்தோஷம், உண்மையைச் சொன்னால் என்ன. மாலைச் சிற்றுண்டிக்கு வறுத்த வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு பெர்த்திங்கிடம் ஓடினேன். வாயைத் திறக்காமல் போய்விடுங்கள், நான் சட்டப்படி அழிக்கிறேன், மறுநாளே உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்றேன். அவர் பழத்தை ஊதி ஊதித் தின்றார்.

"ஜூலை பத்தாம் தேதி ஏற்றம் எவ்வளவுன்னு தெரியுமா ஆம்பி?"

"நாலரை அடி. அதுக்கென்ன இப்போ?"

"என் தங்கச்சி லோலெங் வீடு ஆத்து முகத்துல இருக்கு. அவ மாமியார் எந்திரிக்க மாட்டாம கெடக்குது. மெசேஜ் வந்தாத்தான் அவ கட்டில செங்கல் மேல தூக்கி வெப்பா. என் பெருமைக்காக அந்தக் கெழவி தண்ணியில மெதக்கணுமா?"

நான் மீதிப் பழத்தைத் தின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பொது இடத்தில் ஒரு ஃபோல்டர் திறந்து தரும்படி கேட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மறுத்த அதே இடம். இந்தத் தடவை யாரையும் கேட்காமல் நானே திறந்து கொடுத்தேன்.

கடைசி இரண்டு வாரம் அவர் அந்த ஒரு வேலையைத்தான் செய்தார். பதினாலு புரோகிராமிலும் தன் பானையின் பெயரை எடுத்துவிட்டுப் பொது ஃபோல்டரைச் சொல்லும் வரியைப் போட்டார். ஒவ்வொன்றையும் புதிதாகச் சமைக்கவைத்து, பழைய விடையும் புது விடையும் கடைசிப் புள்ளி வரை ஒன்றா என்று பார்த்தார். தான் இல்லாவிட்டாலும் எல்லாம் ஓடவேண்டும் என்று ஒரு மனுஷன் இத்தனை சிரத்தையாக வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு நல்ல செய்தி இருந்தது. மாகாண அலுவலகத்தில் ஏற்றக் கணக்குக்கு ஓர் இடம் காலி, அதுவும் நிரந்தரமாக. நேர்முகம் முடிந்து சரி என்று சொல்லிவிட்டார்கள். ஜூலை பதினொன்று வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் அலுவலகத்தின் விடுவிப்புச் சான்றைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கையெழுத்து வாங்கி, கடைசியில் இன்ஜினியரின் கையெழுத்து விழ வேண்டிய காகிதம் அது. அவருடையது மட்டும் பாக்கி. அடுத்த வாரம் வாங்கிக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

ஜூன் முப்பது மத்தியானம் வழியனுப்பு விருந்து. பன்சித் நூடுல்ஸும் அரிசிப் பலகாரமும். பெர்த்திங் பன்னிரண்டு மணிக்கே அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, விருந்தாளிபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இன்ஜினியர் எழுந்து பேசினார். பேரிடர் ஒத்திகை நாட்களில் நாற்காலி தூக்கிப் போட்டதற்கு நன்றி என்றார். "நம்ம பிரிண்டர் மக்கர் பண்ணா இனி யாரக் கூப்பிடுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெர்த்திங்கும் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நாலு நாற்பத்திரண்டுக்கு நான் சர்வரைத் திறந்தேன். பதினாலில் ஒன்றே ஒன்று யாருக்கும் செய்தி அனுப்பாத புரோகிராம். மேலதிகாரிகளுக்குக் காட்ட வண்ண வண்ண வரைபடம் போடுவது அதன் வேலை. அடுத்த திங்கட்கிழமை புது மேயருக்கு இன்ஜினியர் காட்டப் போவதும் அதைத்தான். அதன் தலையில் பெர்த்திங் போட்டிருந்த புது வரியை எடுத்துவிட்டுப் பழைய வரியைத் திரும்ப ஒட்டினேன். எந்தக் கிழவியும் மிதக்க மாட்டாள், இன்ஜினியர் மட்டும் கொஞ்சம் நனைவார், திரையில் பெர்த்திங் பெயர் வரும், யார் அவர் என்று மேயர் கேட்பார், அப்போது நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்வேன். இப்படி ஒரு நாடகத்தை எழுதி, அதில் எனக்கு நல்ல வேஷமும் கொடுத்துக்கொண்டேன். மறுநாள் உத்தரவுப்படி பெர்த்திங்கின் கணக்கை அழித்தேன், பானையும் போயிற்று.

ஜூலை ஏழு. கொடி வணக்கம் முடிந்து மேயர் எங்கள் கூடத்துக்கு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். இன்ஜினியர் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். ஒன்பது இருபதுக்கு வரைபடம் வரவேண்டிய இடத்தில் கறுப்புத் திரை வந்தது. அதில் வெள்ளை எழுத்தில், பெர்த்திங், கால்தேரோ, அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை. இரண்டாவது தடவை அழுத்தினார். அதேதான்.

"யார் இந்த பெர்த்திங்?" என்றார் மேயர்.

நாடகத்தில் இந்த இடம் வரை சரியாக வந்துவிட்டது. நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"போன வாரம் ஒப்பந்தம் முடிஞ்சு போனவர், மேயர்," என்றார் இன்ஜினியர்.

மேயர் திரையை இன்னொரு தடவை படித்தார். "ஓ. போறப்போ நமக்கு ஆப்பு வெச்சிட்டுப் போயிருக்காரா?"

பின்னால் யாரோ சிரித்தார். இன்ஜினியர் மென்று விழுங்கினார். இருக்காது என்று அவர் சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். விசாரிக்கிறேன் என்றார். எழுந்து வசனம் சொல்லவேண்டிய நான் நாற்காலியிலேயே இருந்துவிட்டேன். அரசாங்கப் புரோகிராமில் கைவைத்ததற்கு விசாரணை, வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் கண் முன்னால் வந்தது. மேயர் எழுந்து போனார். ஆழம் தெரியாமல் காலை விட்டவள் நான், மூழ்கப் போகிறவர் வேறொருவர்.

பதினொரு மணிக்குப் பெர்த்திங் வந்தார். இன்ஜினியர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்ததால் காற்சட்டையை முட்டி வரை மடித்து, ரப்பர் செருப்போடு நின்றார். கதவு திறந்திருந்த அறையில் இன்ஜினியரின் மேஜை மேல் விடுவிப்புச் சான்று கிடந்தது. கடைசிக் கட்டம் மட்டும் காலி. அதை ஒரு தடவை பார்த்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமைத் திறந்தார்.

முதல் மூன்று வரியைப் படித்தார். பிறகு கோப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பார்த்தார். ஜூன் முப்பது, மாலை நாலு நாற்பத்திரண்டு. அவர் அட்டையைக் கொடுத்தது பன்னிரண்டு மணிக்கு. சர்வரின் சாவி அதற்குப் பிறகு ஒரே ஓர் ஆளிடம்தான் இருந்தது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"என் தப்புதான், இன்ஜினியர்," என்றார். "பதிமூணை மாத்தினேன். இத விட்டுட்டேன் போல."

"மறந்தீங்களா? இல்ல, மறந்த மாதிரி இருந்தீங்களா?"

பெர்த்திங் திரையின் பக்கம் திரும்பினார். வரியை மாற்றினார், ஓட்டிக் காட்டினார், வரைபடம் வந்தது, எழுந்துகொண்டார். எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார் இன்ஜினியர். மேயர் அதைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து என்று சொல்லி, அறைக்குள் போய்ச் சான்றை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. மேயரின் மேஜையில் ஒரு காகிதம் அதைவிட அதிக நாள் தூங்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வாசல் வரை ஓடி அவரைப் பிடித்தேன்.

"ஏன் கூயா அப்படிச் சொன்னீங்க?"

"உனக்கு ரெண்டு புள்ளைங்க."

"உங்க வேலை போகப் போகுது."

"எனக்காகச் செஞ்ச. அத எப்படி உன் தலையில போடுறது?" செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. போகிறார் என்று நினைத்தேன், திரும்பி நின்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன் ஆம்பி. பதினோரு வருஷத்துல நான் எழுதினது ஒரு நாள் கூட நின்னதில்ல. புயல்ல நின்னதில்ல, வெள்ளத்துல நின்னதில்ல. என்கிட்ட சான்றிதழ் கெடையாது, பதவி கெடையாது. அது ஒண்ணுதான் இருந்துச்சு. அத நீ எடுத்துட்ட."

சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கி நடந்தார். நான் படியில் நின்று அழுதேன். காவலாளி பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

உடனே போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. என் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தேன். வேலை போனால் கணவரின் சம்பளத்தில் எப்படி ஓட்டுவது என்று யோசித்தேன். பெர்த்திங்குக்கு வேறு இடம் கிடைக்காமலா போகும் என்று கூட யோசித்தேன், வெட்கக்கேடு. மத்தியான ஏற்றத்துக்கான செய்தி அப்போது என் கைபேசியில் வந்து விழுந்தது. மணி தவறாமல், அடி தவறாமல், கீழே இன்ஜினியர் சுங்கா பெயரோடு. பெர்த்திங்கை அனுப்பிவிட்ட பிறகும் அவருடைய கணக்கு எங்களுக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

இன்ஜினியரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வரியை மாற்றியது நான் என்றேன். நேரத்தைக் காட்டினேன். அவர் முதலில் நம்பவில்லை, பிறகு நெற்றியைத் தேய்த்தார், பிறகு கத்தினார். நியாயமான கத்தல்தான், வாங்கிக்கொண்டேன். கத்தி முடித்த பிறகு அந்தப் பானை என்னதான் என்று கேட்டார். சொன்னேன். பொது இடம் கேட்டு மறுக்கப்பட்டது, அவர் தன் இடத்தைத் திறந்து வைத்தது, பதினாலும் அதில் தின்றது, போவதற்கு முன் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றியது எல்லாம்.

"அவர் அத மாத்தாம போயிருந்தா?"

"ஒண்ணாம் தேதியே எல்லாம் நின்னுருக்கும், இன்ஜினியர். ஊருக்கு மெசேஜ் போயிருக்காது."

அவர் தன் கைபேசியைப் பார்த்தார். திரையில் மத்தியானச் செய்தி இன்னும் திறந்திருந்தது.

"பதினோரு வருஷம் அடியில என் பேரு," என்றார். "நான் அவர பிரிண்டர் ரிப்பேர்காரராக்கி அனுப்பி வெச்சேன்."

அவரை நான் அதுவரை மனுஷனாக நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன். மேயருக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னார், பெர்த்திங்கை அல்ல, என்னை. என்ன செய்தேன் என்று மட்டும் எழுதினால் போதாது, அதற்கு முன் பதினோரு வருஷம் என்ன நடந்தது என்பதையும் ஆதாரத்தோடு எழுத வேண்டும் என்றார். அதை அவர் உத்தரவாகச் சொன்னாரா உதவியாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் ஓட்டக் குறிப்பேடுகளைத் தோண்டினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி உண்டு. ஏற்றக் கணக்குக்கு மட்டும் எட்டாயிரத்துச் சொச்சம் வரி. ஒன்றிலும் தவறு இல்லை. ஒரு புயலில் ஆறு நாள் ஊரே இருட்டாகக் கிடந்தது; அந்த ஆறு நாளும் பெர்த்திங் ஜெனரேட்டரைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து ஓட்டியிருந்தார். மண்ணெண்ணெய் நாற்றம், மன்னிக்கவும் என்று அந்தக் குறிப்பில் ஒரு வரி போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன்.

இன்ஜினியர் தானே எடுத்துப்போய்க் கொடுத்ததால் மேயர் என் விளக்கத்தைப் புதன்கிழமையே படித்தார். எனக்குக் கண்டனக் கடிதம் வந்தது, ஒரு வருஷத்துக்குப் பதவி உயர்வு இல்லை. அதைவிட மோசமாக வந்திருக்கலாம். பெர்த்திங்கைத் திரும்ப எடுக்கவில்லை, அதற்கு அவர்கள் தயாராக இல்லை. ஆனால் விடுவிப்புச் சான்றில் கையெழுத்துப் போடும்படி சொன்னார்கள். என் விளக்கத்தின் நகலை அவருடைய சேவைச் சான்றோடு இணைக்கும்படி இன்ஜினியர் தானாகவே சொன்னார். பெர்த்திங்கின் வேலையைப் பற்றி அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருப்பது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை, பத்தாம் தேதி, பெர்த்திங் அதை வாங்க வந்தார். என்னோடு பேசாமல் வாங்கிக்கொண்டு, ஜன்னலோரம் போய் நின்று படித்தார். மெதுவாகப் படிக்கிறவர். கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றுவிட்டார். அங்கே நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பதினோரு ஆண்டுகளில் இவருடைய புரோகிராம்கள் நின்றது ஒரே ஒரு முறை. ஜூலை ஏழு, காலை ஒன்பது இருபது. நிறுத்தியது நான்.

"கடைசி வரிய எடுத்துடேன், ஆம்பி. மாகாணத்துல உன்னப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அந்த வரிய எடுத்தா, நின்னது உங்க கணக்குல போயிடும் கூயா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அறையில் இருந்த எல்லோருடைய கைபேசிகளும் ஒன்றாகச் சத்தம் போட்டன. ஏற்றம் நாலரை அடி, இரண்டு மணி நேரத்தில், ஆற்று முகத்துக் குடும்பங்கள் பொருட்களை மேலே ஏற்றவும். பெர்த்திங் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். நேரம் சரியாக இருந்தது. எனக்குத் தெரிந்து அவர் முகம் அந்த வாரத்தில் முதல் தடவையாக இளகியது.

"லோலெங் இந்நேரம் கட்டிலத் தூக்கிட்டிருப்பா. அவளால ஒத்தையில முடியாது," என்றார்.

காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை நாலாக மடித்து, தொப்பிக்குள் வைத்துத் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டார். பிறகு காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். தெரு முனை வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டே போனார்.